டிராக்டருக்குக் கண் வைத்த கதை

வடக்குப்பட்டில் நாங்கள் சில பெண்கள் வாடகைக்கு இருந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் காற்று வராது. ஒரு டிராக்டரின் பின்சக்கரம் தெரியும். வீட்டுக்கார அக்காவின் டிராக்டர் அது. கல்யாணத்தின்போது அவருடைய அப்பா சீதனமாகக் கொடுத்தது. கொடுத்த அன்றே அது பழைய வண்டி. அவரும் அதை யாரோ ஒரு பண்ணைக்காரர் ஓட்டித் தீர்த்த பிறகுதான் வாங்கியிருந்தார். சீமையிலிருந்து கப்பலில் வந்த வண்டி என்று அக்கா பெருமையாகச் சொல்வார். அதன் நீலப் பெயின்ட் வெயிலில் வெளுத்து, துவைத்துத் துவைத்துச் சாயம்போன எங்கள் கம்பெனி யூனிபார்மின் நிறத்துக்கு வந்திருந்தது.

மாப்பிள்ளைக்கென்று கொடுத்த வண்டியை மாப்பிள்ளை ஓட்டவில்லை. அக்காவின் வீட்டுக்காரரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு டிராக்டர் என்றால் பயம். கல்யாணமான புதிதில் ஒருநாள் ஆசையாக ஏறி உட்கார்ந்தவரை அது நேராக ஏரித் தண்ணீருக்குள் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. நனைந்த வேட்டியோடு இறங்கியவர் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்துவிட்டார். வண்டியை அக்கா எடுத்துக்கொண்டார். சேலையை இழுத்துச் செருகி, அதன்மேல் அண்ணனின் பழைய செக்யூரிட்டி சட்டையை மாட்டிக்கொண்டு அவர் போகும்போது, பின்னால் வருகிற கம்பெனி பஸ்களே ஹாரன் அடிக்க யோசிக்கும்.

சுற்றிலும் கம்பெனிகள் வந்துவிட்டாலும் ஏரிக்குப் பக்கத்தில் நெல் போடுகிறவர்கள் இன்னும் இருந்தார்கள். அவர்களும் பகலில் ஏதாவது ஒரு கம்பெனியில் நின்றுகொண்டிருப்பார்கள். ஷிப்ட் முடித்து வந்துதான் உழவுக்கு ஆள் தேடுவார்கள். அதனால் அக்காவுக்கு வேலையெல்லாம் பொழுது சாய்ந்த பிறகு, அல்லது விடிவதற்கு முன்பு. வண்டிக்கோ கண் தெரியாது. இரண்டு ஹெட்லைட்டில் இடதுபக்கத்துக்குக் கண்ணாடி போய், உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது. வலதுபக்கம் எரியும். எரிகிறதா என்று தெரிந்துகொள்ள அதன்மேல் கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும்.

ஆகவே அண்ணன் மட்கார்டில் உட்கார்ந்து செல்போன் டார்ச்சை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொள்வார். அதுதான் ஹெட்லைட். நடுவில் அழைப்பு வந்தால், டார்ச்சை அணைக்காமலே போனைக் காதில் வைத்துவிடுவார். வயல் முழுக்க இருண்டுபோய், அண்ணனின் காது மட்டும் சிவப்பாக ஒளிவிடும்.

"யோவ்! நான் நிலத்த ஓட்டறதா, உன் காத ஓட்டறதா?" என்று அக்கா கத்துவது எங்கள் அறை வரைக்கும் கேட்கும்.

"சூப்பர்வைசர் லைன்ல கீறார்மே!" என்று அண்ணன் பதிலுக்குக் கத்துவார்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. டிப்ளமோ முடித்துவிட்டு, கார்களுக்கு ஹெட்லைட் செய்கிற ஒரு கம்பெனியில் வேலைக்கு வந்திருந்தேன். லைனின் கடைசியில் நின்று, வருகிற ஒவ்வொரு லைட்டையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பது என் வேலை. அது எரிகிறதா என்று பார்ப்பதற்கு முந்தைய ஸ்டேஷனில் ஒரு மெஷின் உண்டு. மேலே கீறல் இருக்கிறதா, உள்ளே தூசி இருக்கிறதா, ஓரத்தில் பசை வழிந்திருக்கிறதா என்பதோடு என் பொறுப்பு முடிந்தது. ஒரு ஹெட்லைட்டைக்கூட நான் என் கையால் எரியவைத்ததில்லை.

மார்கழிப் பனியில் ஒருநாள் காலை எங்கள் கம்பெனி பஸ் திடீரென்று பிரேக் போட்டது. தூங்கிக்கொண்டிருந்த எல்லோரும் முன் சீட்டில் நெற்றியை இடித்துக்கொண்டோம். எட்டிப் பார்த்தால், பனிக்குள்ளிருந்து அக்காவின் டிராக்டர் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

"லைட்டு போட்டுக்கினு வாம்மா!" என்று எங்கள் டிரைவர் கத்தினார்.

"போட்டுக்கினுதான்யா வரேன்!"

டிரைவர் நம்பாமல் இறங்கிப் போனார். வலதுபக்க லைட்டுக்கு முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கி, கிணற்றுக்குள் விழுந்த சாவியைத் தேடுகிற மாதிரி பார்த்தார். "ஆமா, எரியுது" என்று பஸ்ஸைப் பார்த்துச் சொன்னார். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு ஜன்னலில் இருந்த என்னை அக்கா பார்த்துவிட்டார்.

ஷிப்ட் முடிந்து வந்தபோது அவர் எங்கள் அறை வாசலில் நின்றிருந்தார். சிரித்ததற்குத்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன்.

"ஏய் பொண்ணு, நீ ஹெட்லைட்டு கம்பெனிலதான கீற?"

"ஆமாக்கா. ஆனா நான் அதுல கீறல் மட்டுந்தான் பாக்கேன்..."

"அத்தான் சொல்றேன். நாளெல்லாம் அதுங்கூடதான நிக்கற. வா, நம்பள்த பாரு."

"யக்கா, வயரிங் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா. கண்ணாடில கோடு கெடந்தா சொல்லுவேன், அவ்வளவுதான்."

"இதுல கண்ணாடியே இல்ல. உனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார் அக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பழைய லைட்டுகளையும் கழற்றி ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் படப்பைக்குப் புறப்பட்டோம். கூடு காலியாகத்தான் இருக்கிறது என்று அக்கா குலுக்கிப் பார்த்துச் சொல்லியிருந்தார். ஆட்டோ குலுங்கிய குலுங்கலில் அது காலியில்லை என்று தெரிந்தது. முதல் குளவி வெளியே வந்ததும் எதிரில் இருந்தவர் இறங்கிக்கொண்டார். இரண்டாவது குளவிக்கு மற்றவர்களும் இறங்கினார்கள். அடுத்ததற்கு டிரைவரே இறங்கிவிட்டார். அக்கா மட்டும் லைட்டை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னாப்பா, நாங்க படப்ப போவ வேணாவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

படப்பையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்காரர் எங்கள் லைட்டைப் பார்த்துவிட்டு, அதை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினார். பெரிய ஹாலஜன் லைட் இரண்டை எடுத்து வைத்தார். "லாரிக்காரனே இத்தான் போடறான். போட்டுப் பாரு, ராத்திரி பகலாயிடும்" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லவேண்டிய நேரம். எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஒரு லைட்டைத் தூக்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல ஒரு கீறல் இருக்கு" என்றேன். வேறொன்று எடுத்துக் கொடுத்தார். அதிலும் இருந்தது.

"யம்மா, இது டிராக்டருக்கு. இத்த வெச்சி பொண்ணா பாக்கப் போறாங்க?" என்றார் கடைக்காரர்.

"அது வேல தெரிஞ்ச பொண்ணு. நீ குட்றா" என்று அக்கா அதட்டி, கீறலே இல்லாத இரண்டை வாங்கிவிட்டுத்தான் நகர்ந்தார்.

கடைக்காரர் சொல்லித்தந்தபடி பழைய வயரிலேயே இணைத்தோம். சாயங்காலம் அக்கா எஞ்சினை ஓட்டிச் சுவிட்சைப் போட்டார். தெருவே வெளுத்தது. எதிர்வீட்டுக் கோழி இறங்கி வந்து கொக்கரித்தது. அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, "வாடி, ஒரு ரவுண்டு போலாம்" என்று மட்கார்டில் ஏற்றிக்கொண்டார்.

போகப் போக ஒன்று புரிந்தது. வண்டி வேகமாகப் போனால் வெளிச்சம் பளீரென்று இருக்கிறது; மெதுவானால் வெளிச்சமும் மஞ்சளாகி மங்கிவிடுகிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை. அக்காவோ வேறு முடிவுக்கு வந்தார்: மெதுவாகப் போகக் கூடாது. மெயின்ரோட்டில் அந்த வண்டி தன் ஆயுளில் போகாத வேகத்தில் போனோம். இரண்டு கையாலும் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நான், "யக்கா, மெல்லக்கா, மெல்லக்கா" என்று கத்தினேன். "மெல்லப் போனா கண்ணு தெரியாதுடி!" என்று அவர் கத்தினார்.

வழியில் ஒரு வேகத்தடை வந்தது. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் தீய்கிற வாடை. "எந்தக் கம்பெனிக்காரன் இன்னாத்த கொளுத்தறான் பாரு" என்றார் அக்கா. கொளுத்தியது நாங்கள்தான். அவருடைய முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து புகை வந்தது. அவர் அவசரமாக எஞ்சினை நிறுத்தி, கையில் கிடைத்த வயரையெல்லாம் பிடுங்கிப் போட்டார். புகை நின்றது. திரும்ப ஸ்டார்ட் செய்தால், இருந்த கரண்டையெல்லாம் லைட் குடித்துவிட்டதில், வண்டி ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது.

அப்போதுதான் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தேன். ஒரு கம்பெனி கேட்டின் வாயை அடைத்துக்கொண்டு நின்றிருந்தோம். உள்ளே ஷிப்ட் முடிந்த பஸ்கள் வரிசையாக வெளியே வரக் காத்திருந்தன. விசிலை ஊதிக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தது அண்ணன். அவருக்குப் பின்னாலேயே அவருடைய ஆபீசர்.

ஆபீசர் பக்கத்தில் நின்றதால் அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "மேடம், வண்டிய எடுங்க. கேட்டாண்ட நிறுத்தக் கூடாது."

அக்கா ஸ்டியரிங்கிலிருந்து மெதுவாகத் திரும்பினார். "இன்னாது? மேடமா?"

"ரூல்ஸ், மேடம்."

"யோவ், காலைல நான் ஊத்துன கஞ்சியக் குடிச்சிட்டுதான வந்த?"

ஆபீசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா போட்டிருந்த சட்டையையும் பார்த்தார். கம்பெனியின் பழைய பேட்ஜ் இன்னும் அதில் தைத்திருந்தது. "யாருய்யா இவங்க? உனக்குத் தெரிஞ்சவங்களா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "எங்கியோ பாத்த மாதிரி கீது சார்."

பஸ்ஸிலிருந்து பையன்கள் இறங்கிவந்து தள்ளித்தான் வண்டி ஸ்டார்ட் ஆனது. அண்ணனும் தள்ளினார். அன்றிலிருந்து வீட்டில் அண்ணனுக்குச் சோறு போடும்போது தட்டை டொக்கென்று வைத்து, "சார், சாப்பாடு" என்பார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "தேங்க்ஸ் மேடம்" என்பார். இது பல நாள் நடந்தது. ஒரே சுவருக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்போம்.

லைட் விஷயத்தில் நான் விலகிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் தினமும் ஜன்னலைத் திறந்தால் எரிந்துபோன வயர் தொங்குவது தெரிந்தது. கேன்டீனில் எங்கள் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். அவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே சொன்னார்: அந்தக் காலத்து வண்டியில் இருக்கிற டைனமோ கொஞ்சமாகத்தான் கரண்ட் கொடுக்கும், அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான். பெரிய ஹாலஜனைப் போட்டால் அதுவும் தாங்காது, பழைய வயரும் தாங்காது. எல்.இ.டி. போடு; கொஞ்சம் கரண்டில் நிறைய வெளிச்சம் தரும்; வயரையும் புதிதாக இழுத்துவிடு.

அக்கா மறுபடி படப்பைக்குப் போய் எல்.இ.டி. லைட் இரண்டு வாங்கிவந்தார். இந்தமுறை கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே, "கீறல் இல்லாததுதான் குடுக்கறேன் தாயே" என்று சொல்லிவிட்டார். பழைய வயரைப் பிடுங்கிவிட்டு, புது வயர் இழுத்து, நடுவில் ஒரு ஃபியூஸும் வைத்து, நானே எல்லாவற்றையும் இணைத்தேன். கைக்குப் பழக்கமில்லாத வேலை. இரண்டு விரலில் ரத்தம் வந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சுவிட்சைப் போட்டோம். எரியவில்லை.

லைட்டைக் கழற்றி நேராக பேட்டரியில் வைத்தால் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிகிறது. வண்டியில் மாட்டினால் எரியவில்லை. வயரை மாற்றினேன், ஃபியூஸை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன். எரியவில்லை. அக்கா இடுப்பில் கைவைத்து நின்று என்னையே பார்த்தார்.

"நீதான்டி கண்ணு வெச்சிட்ட."

"நானாக்கா?"

"கடைல அத்தத் திருப்பித் திருப்பி மொறச்சிப் பாத்தியே. உங்க கம்பெனில உன் கண்ணு படாம ஒரு லைட்டாச்சும் வெளிய போவுதா சொல்லு? எல்லாத்தியும் அப்பிடி மொறச்சிப் பாத்தா இன்னாத்துக்கு ஆவும்?"

உள்ளே போய் எலுமிச்சம்பழமும் காய்ந்த மிளகாயும் எடுத்துவந்தார். டிராக்டரை மூன்று சுற்று சுற்றி, என் பக்கம் ஒருமுறை கோபமாகப் பார்த்துவிட்டு, பழத்தைச் சக்கரத்தின் கீழே வைத்து வண்டியை ஏற்றினார். சுவிட்சைப் போட்டார். எரியவில்லை. பழம் மட்டும் நசுங்கியது.

மறுநாள் சாயங்காலம் அண்ணனுக்கு டியூட்டி இல்லை. அக்காவிடம் எப்படியாவது சமாதானம் ஆகிவிட வேண்டும் என்று, "நான் வேணா புட்ச்சிக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் அவரை முன்சக்கரத்தின்மேல் உட்காரவைத்து, ஒரு லைட்டை அவர் மடியில் வைத்தேன். வயர் இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன். "அண்ணே, செவப்பு வயர இந்தச் செவப்பு வயர்ல தொடுங்க. கருப்ப வண்டி பாடில தொடுங்க. நான் சுவிட்சுப் பக்கம் பாக்கேன்."

"ஷாக் அடிக்குமா?"

"வெறும் பேட்டரிய்யா அது. ஒண்ணும் அடிக்காது" என்றார் அக்கா. அக்கா அன்று 'சார்' போடாமல் பேசியதே அண்ணனுக்குப் பாதி தைரியம் கொடுத்திருக்கும். ஆனாலும் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு, கைகளை ஒன்றோடொன்று குறுக்காக நீட்டினார். சிவப்பு போய் வண்டி உடம்பில் பட்டது. கருப்பு போய் சிவப்பில் பட்டது.

லைட் அவர் முகத்துக்கு நேராக எரிந்தது. மூடிய கண்ணையும் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டும். "ஐயோ! போய்ட்டேன்!" என்று கத்திக்கொண்டு அண்ணன் சக்கரத்திலிருந்து மண்ணில் விழுந்தார்.

நான் ஓடிப்போய், "அண்ணே! என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"நான் ஒண்ணியும் பண்ணல! சத்தியமா ஒண்ணியும் பண்ணல!"

"பண்ணீங்கண்ணே. இப்ப பண்ணின தப்பயே திரும்ப ஒருவாட்டி பண்ணுங்க."

அவர் மறுபடி பண்ணினார். மறுபடி எரிந்தது. நான் பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பேட்டரியின் மைனஸைத்தான் வண்டி உடம்பில் முடுக்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வண்டியில் ப்ளஸ்ஸை முடுக்கியிருந்தது. எல்லாம் தலைகீழ்.

"யக்கா, ப்ளஸ்ஸப் போயி பாடில மாட்டி வச்சிருக்கீங்களேக்கா!"

"ஆமா, அதுக்கு இன்னா? அது பொறந்ததுலேந்தே அப்பிடித்தான். எங்கப்பா சொல்லித்தான் குடுத்தாரு, யார் சொன்னாலும் இத்த மாத்தாதன்னு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேக்கா!"

"நீ எங்க கேட்ட? கீறல் கீதான்னுதான கேட்ட."

பழைய குண்டு பல்புக்கும் ஹாலஜனுக்கும் கரண்ட் எந்தப் பக்கம் வந்தாலும் ஒன்றுதான்; எரிந்துவிடும். எல்.இ.டி. அப்படியில்லை. முன்வாசல் வழியாக வந்தால்தான் எரியும், பின்வாசலில் வந்தால் கதவைத் திறக்காது. அந்தக் காலத்தில் இப்படித் தலைகீழாக இணைத்த வண்டிகள் நிறைய உண்டு என்று எலக்ட்ரீஷியன் மறுநாள் சொன்னார். நான் வயர்களை மாற்றி மாட்டினேன். இரண்டு லைட்டும் எரிந்தன. வண்டி நின்ற இடத்தில் மெல்ல உறுமிக்கொண்டிருந்தபோதும் வெளிச்சம் குறையவில்லை.

அக்கா முந்தானையை நனைத்து, மண்ணில் உட்கார்ந்திருந்த அண்ணனின் கண்ணில் ஒற்றினார். "சார், கண்ணு தெரியுதா?"

"தெரியுது மேடம்" என்றார் அண்ணன். இருவரும் சிரித்துவிட்டார்கள். அன்றோடு சார், மேடம் முடிந்தது.

ஆனால் வேலை முடியவில்லை. அன்றைக்கே அக்கா என்னையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓட்டிப் போனார். லைட் இரண்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. எதிரில் மரத்தில் அடைந்திருந்த கொக்கெல்லாம் விடிந்துவிட்டதென்று நினைத்துக் கிளம்பிவிட்டன. திரும்பியபோது வெளிச்சம் ஆண்கள் ஹாஸ்டலின் மொட்டைமாடியில் போய் விழுந்தது. அங்கே ஒருவன் இடுப்பில் துண்டோடு குளித்துக்கொண்டிருந்தான். கையில் சொம்பு, தலை முழுக்க சோப்பு நுரை, நாடகத்தில் வேஷம் கட்டி நிற்கிற மாதிரி நின்றான். "ஏல, எவம்ல அது லைட்ட அடிக்கிறது?" என்று சத்தம் வந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பேச்சு. கேட்க எனக்கு சந்தோஷமாக இருந்தது, ஆனாலும் குனிந்துகொண்டேன்.

எங்கள் லைனில் எனக்கு முன்னால் ஓர் இருட்டுக் கூண்டு உண்டு. லைட்டை அதற்குள் வைத்து எரியவிட்டு, எதிரே திரையில் வெளிச்சம் ஒரு கோட்டுக்கு மேலே ஏறாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தினமும் பார்த்திருக்கிறேன். அதையே செய்தால் என்ன என்று தோன்றியது. ஏரிக்குப் போகிற வழியில் ஒரு கம்பெனியின் நீளமான காம்பவுண்டு சுவர் இருக்கிறது. பகலிலேயே அதில் சுண்ணாம்பால் குறுக்கே ஒரு கோடு போட்டுவைத்தேன். இருட்டியதும் அக்கா டிராக்டரைச் சுவருக்கு எதிரே தள்ளி நிறுத்தினார். அண்ணன் லைட்டைப் பிடித்துக்கொள்ள, நான் ஸ்பேனரோடு நின்றேன். சுவிட்சைப் போட்டோம்.

சுவரோரம் ஒருவர் ஒதுங்கி நின்றிருந்தார். எங்களுக்கு முதுகு காட்டி நின்றதால், எதற்காக என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நான் சுவரைப் பார்க்கவில்லை. அண்ணனின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "அசையாதீங்க! அப்படியே நில்லுங்க!" என்று அண்ணனைப் பார்த்துக் கத்தினேன்.

சுவரோரம் நின்றவர் அப்படியே உறைந்துபோனார். ஒரு கையை மட்டும் மெல்லத் தலைக்கு மேலே தூக்கினார்.

"கொஞ்சம் கீழ எறக்குங்க" என்றேன்.

அவர் கையைக் கீழே இறக்கினார்.

"ஜாஸ்தி எறக்கிட்டீங்க. கொஞ்சம் மேல."

"மேடம், மன்னிச்சிருங்க மேடம், இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று சுவரைப் பார்த்தபடியே அவர் அழாத குறையாகச் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அக்கா ஸ்டியரிங்கில் கவிழ்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கோ தொழில் புத்தி வந்துவிட்டது. கையிலிருந்த லைட்டை விடாமல், குரலைக் கனமாக்கிக்கொண்டு, "சார், இங்கெல்லாம் நிக்கக் கூடாது. கெளம்புங்க" என்றார். அவர் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு எங்கள் வெளிச்சத்தில் அங்கேயே கிடந்தது. பிறகு நிதானமாக இரண்டு லைட்டையும் கோட்டுக்குக் கீழே இறக்கி, நட்டை இறுக்கினேன்.

அந்த வாரமே அக்கா ஏரிக்குப் பக்கத்தில் ஒரு நிலத்தைச் சேடை ஓட்டப் போனார். நாற்று நடுவதற்கு முன்பு தண்ணீர் கட்டிச் சேற்றைக் கலக்கிவிடுகிற உழவு. நான் வரப்பில் நின்று பார்த்தேன். வெளிச்சம் சேற்றின்மேல் சீராக விரிந்து, வண்டிக்கு முன்னால் ஓடியது. தவளைகள் அதில் குறுக்கே தாவின. பூச்சிகள் திரண்டு வந்து லைட்டை மொய்த்தன. இதுவரை இருட்டில் தடவித் தடவிப் போன அக்கா மூலை முடுக்கெல்லாம் விடாமல், வரப்பை உரசிக்கொண்டு ஓட்டினார். முடித்து இறங்கும்போது முகமெல்லாம் சேறு. "எவ்ளோ பெரிய நெலம்டி இது! எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். தினமும் என் கையால் எத்தனையோ லைட்டுகள் கடந்துபோகின்றன. அதில் ஒன்றுகூட எந்த ரோட்டில் எரிகிறது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு வரப்பில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பூச்சி ஒன்று வாய்க்குள் போய்விட்டது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லாம் பூச்சியால்தான் என்று சொல்ல முடியாது.

சேதி பரவிவிட்டது. மண்ணூரிலிருந்து ஒருவர் தன் பழைய டிராக்டரையே வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்து, "லைட்டு வெக்கற பொண்ணு கீதா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன்பே அக்கா உள்ளிருந்து, "பேட்டரில எத்த பாடில மாட்டிக்கீறீங்க, ப்ளஸ்ஸா மைனஸா? அத்த மொதல்ல பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று டாக்டர் வீட்டு வாசலில் டோக்கன் கொடுக்கிறவர் மாதிரி கேட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தூக்கம் இல்லை.

முதல் ஷிப்ட்டுக்குப் போகிற நாட்களில் அக்கா வயலுக்குப் போகிற வழியில் என்னை பஸ் நிற்கிற இடத்தில் இறக்கிவிடுவார். இன்னும் விடிந்திருக்காது. அப்படி ஒருநாள் எதிரில் பெரிய கன்டெய்னர் லாரி ஒன்று முழு வெளிச்சத்தோடு வந்தது. கண் கூசி நான் கையால் மறைத்துக்கொண்டேன். கிட்டே வந்ததும் லாரி தன் வெளிச்சத்தைத் தாழ்த்தியது.

அக்கா வண்டியை அப்படியே மெதுவாக்கினார். "ஏய், பாத்தியாடி? டிம் பண்றான்! நமக்கு டிம் பண்றான்!"

"ஆமாக்கா, நாமளும் பண்ணணும்."

"நம்பள்துல எப்பிடிடி பண்றது?"

அதை நாங்கள் வைக்கவே இல்லை. எங்கள் லைட்டுக்கு எரிவதும் அணைவதும்தான் தெரியும். லாரி நெருங்கிக்கொண்டிருந்தது. மரியாதை செய்தவனுக்குப் பதில் மரியாதை செய்யாமல் போக அக்காவுக்கு மனம் வரவில்லை. சட்டென்று சுவிட்சை அணைத்துவிட்டார். சுத்தமான இருட்டில் டிராக்டர் தடதடவென்று போய்க்கொண்டிருக்க, அக்கா லாரியைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிக் கும்பிடு போட்டார். லாரிக்காரர் சின்னதாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனார். அக்கா திரும்பச் சுவிட்சைப் போட்டார். ரோட்டை விட்டு இறங்கி, பஸ் நிற்கிற இடத்தையும் தாண்டி, யாரோ ஒருவருடைய நிலக்கடலைக் கொல்லைக்குள் பாதி தூரம் வந்திருந்தோம்.